தொழிலாளியாகலாம், முதலாளியாகக் கூடாதா?



சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாயும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்பவர். மகளுக்கு வயது 16, படிவம் நான்கில் படிக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பிறப்புப் பத்திரம், மைகார்டு நகல், ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். முறுக்குக் கணக்கு! எந்தத் தாமானில் யார் எத்தனை பொட்டலம் வாங்கினார்கள், மாவுக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, யார் பாக்கி, எல்லாம் தேதி வாரியாக எழுதி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோடு போட்டுக் கூட்டி வைத்திருந்தாள். நீதிமன்றத்தில் எத்தனையோ கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கணக்கைப் பார்த்தது குறைவு.

பள்ளி விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கியது. பாட்டி சொல்லிக் கொடுத்த பக்குவம். வியாபாரம் பெருகியது. ஒரு மளிகைக் கடைக்காரர் வாராவாரம் வாங்கிக்கொள்ள முன்வந்தார். ஒரே நிபந்தனை: "கையில் காசு தரமாட்டேன், வங்கிக் கணக்கு எண் கொடு." அவளிடம் கணக்கு இல்லை. தாயின் சம்பளக் கணக்கு, வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வெட்டப்படும் கணக்கு. அதில் போட்டால் முறுக்குக் காசு எது, கடன் காசு எது என்றே தெரியாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு எண்ணைக் கொடுத்தார்கள்.

அந்த மனிதர் தன் ஏடிஎம் கார்டை எவனோ ஒரு நண்பனிடம் இரவல் கொடுத்திருக்கிறார். அந்த நண்பன் அதை ஒரு மோசடிக் கும்பலுக்குக் கொடுத்திருக்கிறான். ஒரு நாள் கணக்கு முடக்கப்பட்டது. உள்ளே இந்தப் பிள்ளையின் பணம் 2,640 ரிங்கிட்!

"அங்கிள் நல்லவருதான் சார். எங்கள ஏமாத்தணும்னு நினைக்கல. ஆனா நான் செஞ்ச முறுக்கு, நான் வித்த முறுக்கு. காசு மட்டும் எப்படி சார் என்னோடது இல்லாமப் போச்சு?"

அந்தப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

மூடிய கதவுகள்

பக்கத்து வீட்டுக்காரரிடம் போவதற்கு முன்பு இந்தக் குடும்பம் முறையான வழியில் முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று கதவுகளைத் தட்டினார்கள்.

முதல் கதவு வங்கி. "அப்பாவை அழைத்து வாருங்கள்" என்றார் முகப்பில் இருந்த அலுவலர். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கே போய்த் தேடுவது? தாய் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டார்.

இரண்டாவது கதவு எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் வியாபாரம் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் வியாபாரம் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சரி, பதிவு செய்வோம் என்று போனால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறார்கள். பதிவு செய்யாவிட்டால் குற்றம். பதிவு செய்யப் போனால் வயதில்லை! 16 வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் போவாள்?

மூன்றாவது கதவு நகராண்மைக் கழகம். பாசார் மாலாமில் ஒரு சின்ன இடம் கேட்டார்கள். அங்கேயும் அதே 18.

இந்த 18 எங்கிருந்து வந்தது? 1971-ஆம் ஆண்டு வயது வந்தோர் சட்டம், 18 வயது நிரம்பியவரே பெரியவர் என்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பெரியவர் மட்டுமே ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர் என்கிறது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. வங்கிக் கணக்கும் ஓர் ஒப்பந்தம்தான். கடை வாடகை ஒப்பந்தம். சரக்கைக் கடனுக்கு வாங்குவது ஒப்பந்தம். விற்ற சரக்குக்குக் காசு வராவிட்டாலும் இதே சிக்கல்தான். "இந்தப் பிள்ளையோடு எனக்கு ஒப்பந்தமே கிடையாது" என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். வழக்குப் போடவும் அவள் பெயரால் ஒரு பெரியவர் முன்னே நிற்க வேண்டும்.

சட்டத்தின் மறுபக்கம்

வழக்கறிஞன் என்ற முறையில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் பிள்ளைகளுக்கு எதிராக எழுதப்பட்டதல்ல. நமது ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அதன் கீழ் 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் தீர்ப்பளித்தது. வயது நிரம்பாத ஒருவர் 20,000 ரூபாய் கடனுக்காக ஒரு வட்டிக்காரரிடம் தன் சொத்தை அடமானம் வைத்திருந்தார். அந்த அடமானம் செல்லாது என்பது தீர்ப்பு. வட்டிக்காரரின் பிடியிலிருந்து சொத்து தப்பியது.

நம் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போகும் வட்டி முதலைகளை நினைத்துப் பாருங்கள். 16 வயதுப் பையனிடம் கையெழுத்து வாங்கிக் கடன் கொடுப்பதைச் சட்டம் அனுமதித்தால் நம் தாமான்களில் என்ன நடக்கும்? ஆகவே இந்தப் பாதுகாப்பை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு.

1966-ஆம் ஆண்டு சிறார், இளையோர் வேலைச் சட்டத்தைப் பாருங்கள். ஒப்பந்தச் சட்டம் என்ன சொன்னாலும், சிறுவரும் இளையோரும் வேலை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிறது அதன் 13-ஆவது பிரிவு. சம்பளம் தராவிட்டால் தாங்களே வழக்கும் போடலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அதே பிரிவில் ஒரு சிறிய வாசகம் இருக்கிறது: முதலாளி என்ற நிலையில் மட்டும் கூடாது!

அதாவது இந்த 16 வயதுப் பிள்ளை இன்னொருவரின் முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைந்து சம்பளம் வாங்கலாம். சட்டம் அவளுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதே மாவைத் தன் வீட்டில் பிசைந்து தன் பெயரில் விற்க நினைத்தால், அங்கே கதவு இல்லை.

நம் தாத்தா பால்மரம் வெட்டினார். அப்பா லோரி ஓட்டினார். அம்மா தொழிற்சாலையில் தரை துடைக்கிறார். மூன்று தலைமுறையாக நமக்குத் திறந்திருந்தது இந்தத் தொழிலாளி கதவு ஒன்றுதான். நான்காவது தலைமுறை தானாகவே இன்னொரு கதவைத் தட்டும்போது, "நீ போய்த் தொழிலாளியாக வா" என்று திருப்பி அனுப்புவது நியாயமா?

பலர் கேட்பார்கள்: "எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தானே, இதில் நமக்கென்ன தனி அநீதி?" சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் விட்ட இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். மாமாவுக்குக் கடை இருந்தால் பிள்ளை அந்தக் கடையின் பெயரில் தொடங்கிவிடும். அப்பாவுக்கு வணிகக் கணக்கு இருந்தால் பணம் அதில் விழும். சித்தப்பா பட்டறை வைத்திருந்தால் அவர் உரிமத்திலேயே வேலை நடக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு 18 வயது என்பது தடையாகவே தெரியாது. லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்தில் கடை வைத்த மாமா எங்கே இருக்கிறார்? இருப்பவர் பக்கத்து வீட்டு அங்கிள்தான். அவர் கணக்கு என்ன ஆனது என்று பார்த்தோம்.

முகவரியே இல்லாத பிள்ளைகள்

இவளிடமாவது மைகார்டு இருக்கிறது. 18 வயதானால் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. நம் சமுதாயத்தில் இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் திருமணத்தைப் பதியவில்லை, அல்லது தாய்க்கே ஆவணம் இல்லை, அல்லது தத்தெடுத்தவர்கள் முறைப்படி பதியவில்லை. பிள்ளை இந்த நாட்டிலேயே பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்திருக்கும். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் "குடியுரிமை இல்லாதவர்" என்று எழுதியிருக்கும். 12 வயதில் எல்லாப் பிள்ளைகளும் மைகார்டு எடுக்கப் போகும்போது இவர்கள் வீட்டில் இருப்பார்கள். எஸ்எஸ்எம் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. இந்தப் பிள்ளைகளுக்கு 18 அல்ல, 28 வயதானாலும் கதவு திறக்காது.

அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலைகளில் இளம் வயதினரைக் குடிமகனாகப் பதிவு செய்யும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குத் தருகிறது. இது வயது வரம்புள்ள பாதை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் "எஸ்பிஎம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். 18 வயதாவதற்கு வெகு முன்பே மனுப்போடுங்கள். ஒருமுறை நிராகரித்தால் மறுபடியும் போடுங்கள்.

இப்போதே நீங்கள் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை முறுக்கு மாவு காத்திருக்காது. ஆகவே இன்றுள்ள சட்டத்துக்குள் நின்றே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அடுத்தவர் கணக்கைத் தொடாதீர்கள். உங்கள் கணக்கையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கழுதைக் கணக்கு என்று சொல்லப்படும் இரவல் கணக்குகளைக் குறிவைத்து 2024-இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. "நல்ல மனசோடுதான் கொடுத்தேன்" என்ற பேச்சு இனி எளிதில் எடுபடாது. "கார்டை வாடகைக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று நம் பையன்களை வளைக்கிறார்கள். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளிடம் இன்றே பேசுங்கள். ஒப்பந்தம் போட 18 வயது வேண்டும். குற்றவாளிக் கூண்டில் ஏற அத்தனை வயது தேவையில்லை. நம் தண்டனைச் சட்டம் முழு விலக்குத் தருவது 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

இரண்டாவது, தொழிலைத் தாயின் பெயரிலோ தந்தையின் பெயரிலோ பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் வியாபாரம் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ஒரு மாத ஆஸ்ட்ரோ கட்டணத்தை விடக் குறைவாக இருக்கலாம்! ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். பெயர் யாருடையதோ பொறுப்பும் அவருடையதே. கடன் வந்தாலும், உணவைப் பற்றிப் புகார் வந்தாலும் பதிவில் உள்ளவரைத்தான் கேட்பார்கள். உணவுத் தொழில் என்றால் உணவு கையாள்வோர் பயிற்சியையும் டைஃபாய்டு தடுப்பூசியையும் மறக்காதீர்கள்.

மூன்றாவது, தொழிலுக்குத் தனிக் கணக்கு. சம்பளக் கணக்கு வேண்டாம். கடன் இருக்கும் அதே வங்கியும் வேண்டாம். காரணம் சொல்கிறேன். காருக்கோ கிரெடிட் கார்டுக்கோ பாக்கி இருந்து வழக்கில் தீர்ப்பாகிவிட்டால், கடன் கொடுத்தவர் நீதிமன்ற உத்தரவு பெற்று உங்கள் பெயரிலுள்ள கணக்கைப் பற்றிக்கொள்ள முடியும். அதில் பிள்ளையின் உழைப்பும் சேர்ந்து போய்விடும். அப்பாவுக்கு அப்படிப்பட்ட கடன் இருந்தால் அம்மா பெயரில் தொடங்குங்கள். பிள்ளையின் பங்கை வாராவாரம் பிள்ளையின் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பெற்றோர் உடன் வந்தால் பிள்ளைக்குச் சேமிப்புக் கணக்குத் திறந்து தரும் வங்கிகள் இருக்கின்றன.

நான்காவது, தாய்மார்களுக்கு. "அப்பாவை அழைத்து வா" என்றால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பாதீர்கள். 1961-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தில் 1999-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளையை வளர்ப்பதிலும் பிள்ளையின் சொத்தை நிர்வகிப்பதிலும் முஸ்லிம் அல்லாத தாய்க்குத் தந்தைக்குச் சமமான உரிமை உண்டு. மேலாளரைப் பார்க்கக் கேளுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு பேங்க் நெகாராவிடம் புகார் செய்யலாம். பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் இது போதாது. நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு பெற வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

ஐந்தாவது, வீட்டுக்குள் ஓர் எழுத்து. "தொழில் என் பெயரில் இருக்கிறது, உழைப்பும் முதலும் என் மகளுடையது, 18 வயதில் அவளிடம் ஒப்படைப்பேன்" என்று ஒரு தாளில் எழுதித் தாய் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். "பெற்ற தாயிடமே எழுதி வாங்குவதா?" என்று கோபப்படாதீர்கள். நாளை தாய்க்கு ஏதாவது ஆனால், அண்ணன் தம்பிகள் பங்கு கேட்டால், அந்தத் தாள் மட்டுமே பேசும்.

ஆறாவது, இளையோருக்கு. கணக்கு எழுதுங்கள், வங்கி அறிக்கைகளைச் சேர்த்து வையுங்கள். 18 வயதில் உங்கள் பெயரில் பதிவு செய்து, தெக்குன் நேஷனலின் ஸ்புமி போன்ற கடன் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில், "இதுவரை என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். பலர் வாயால் பதில் சொல்வார்கள். நீங்கள் இரண்டு வருட நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வையுங்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே. சிறு பிள்ளைகளிடம் திருமணத்துக்குப் பலகாரம், திருவிழாவுக்குச் சட்டை, பிறந்தநாளுக்கு அலங்காரம் என்று செய்யச் சொல்லிவிட்டு, "அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி" என்று இழுத்தடிப்பவர்கள் வேற்றினத்தார் அல்லர். அந்தப் பிள்ளையால் உங்கள் மேல் எளிதாக வழக்குப் போட முடியாது என்பது உண்மை. அதற்காகவே கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கேவலம்!

அரசாங்கத்திடம் கேட்பது

சட்டத்தை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1971-இல் ஒரு வழக்கில், வயது நிரம்பாதவர் அரசாங்கத்தோடு போட்ட உபகாரச் சம்பள ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பானது. அரசாங்கம் சும்மா இருந்ததா? 1976-இல் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி, அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் செல்லும் என்று ஆக்கியது. தன் பணம் என்று வந்தபோது விதிவிலக்கு பிறந்தது. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்க 2019-இல் அரசியலமைப்பையே திருத்தினார்கள். பக்கத்தில் சிங்கப்பூர், ஒப்பந்தம் செய்யும் வயதை 2009-இல் 21-இலிருந்து 18-ஆக இறக்கியது. மனம் இருந்தால் சட்டம் வளையும்.

நாம் கேட்பது பெரிதல்ல. 16 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு ஓர் இளையோர் சிறுதொழில் பதிவு. பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் கையெழுத்து. ஆண்டு விற்பனைக்கு ஓர் உச்சவரம்பு. அந்தப் பதிவைக் காட்டினால் பிள்ளையின் பெயரிலேயே தொழில் கணக்கு. கடன் வசதி எதுவும் வேண்டாம். வட்டி முதலைக்கும் வங்கிக்கும் எதிரான அந்தப் பழைய பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும். பிள்ளைக்குக் கடன் கேட்கவில்லை. பிள்ளை சம்பாதித்த காசுக்கு ஒரு பெயர் கேட்கிறோம்.

தேர்தல் நேரத்தில் உங்கள் தாமானுக்கு வந்து கைகூப்பும் வேட்பாளரிடம் இதைக் கேளுங்கள். அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். "என் பிள்ளை தொழில் செய்யப் பதிவு எங்கே?" என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் 2,640 ரிங்கிட் இன்னும் வரவில்லை. கடைக்காரர் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அவளுடைய நோட்டுப் புத்தகத்தின் நகலையும் இணைத்து எழுதிக்கொண்டிருக்கிறோம். வருமா என்று உறுதி சொல்ல எனக்குத் துணிவில்லை. இப்போது தாயின் பெயரில் பதிவு ஆகிவிட்டது. தனிக் கணக்கும் திறந்தாயிற்று. அதற்கு அந்தத் தாய் இரண்டு நாள் சம்பளத்தை இழந்து மறுபடியும் அதே வங்கிக்குப் போனார். இந்த முறை மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

போன வாரம் ஒரு பொட்டலம் முறுக்கு என் அலுவலகத்துக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் தாயின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. அதன் கீழே, சின்ன எழுத்தில், "செய்தவர்" என்று போட்டு மகள் தன் பெயரை எழுதியிருந்தாள்.

அந்தப் பெயர் மேலே வரவேண்டும். அவளுக்கு 18 வயதாக இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை வருடம் இருக்கிறது? இன்றே கணக்குப் பாருங்கள்.